கூலிக் கடன் காலாவதியாகுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் வானம் பொய்த்தால் அடுப்பு எரியாது. முன்னாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இச்சீமையிலிருந்து பிழைப்புத் தேடி இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர் பலர்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களை 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டு சென்றது. நல்ல கூலி என்ற ஆசை வார்த்தையை நம்பிப் போனவரும் உண்டு. வளைத்துப் பிடித்து ஏற்றப்பட்டவரும் உண்டு. சுமார் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் மடிந்தனர். இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்கு ஓர் அடையாளக் கல்லும் இல்லை.

1967-இல் ஜப்பான் இரண்டரைக் கோடி மலேசிய டாலர் பெறுமான உதவியை மலேசியாவுக்கு அளித்தது. போர்க்காலக் கணக்கு தீர்ந்ததென்று இரு அரசாங்கங்களும் கையொப்பமிட்டன. பிழைத்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும், "எங்கள் கூலி எங்கே?" என்று அதன் பின்னும் கேட்டே வந்தனர்.

"எண்பது ஆண்டுக் கதை. கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் மண்ணாகிவிட்டனர். இனி என்ன வழக்கு?" என்று சிலர் வினவலாம்.

சகோதரர்களே! தன் ஹக்கில் நேர்ந்த குறையை அல்லாஹ் மன்னிப்பான். அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும். அப்படியிருக்க, உழைத்தவனைக் கேளாமல் அவன் கூலியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கத்துக்கு ஏது உரிமை?

குகையில் அகப்பட்ட மூவரின் வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்தார்கள். கூலியை வாங்காமல் போய்விட்ட ஒருவனின் தானியத்தை அம்மூவரில் ஒருவர் விதைத்துப் பெருக்கினார். பல காலம் கழித்து அவன் வந்து கேட்டபோது, அதில் விளைந்த மாட்டு மந்தை முழுவதையும் ஓட்டிச் செல்லச் சொன்னார். "காலம் கடந்துவிட்டது" என்று அவர் கூறவில்லை.

கம்யூனிஸ ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியில் அரசியல் கைதிகளைக் கட்டாயப்படுத்தி மரச்சாமான் செய்ய வைத்தார்கள். அவற்றை வாங்கி விற்றவற்றுள் ஸ்வீடனின் ஐகியா கம்பெனியும் ஒன்று. அந்த ஆட்சி 1990-இல் மறைந்தது. கைதிகளின் கோரிக்கை மறையவில்லை. 2024-இல் அக்கம்பெனியின் ஜெர்மன் கிளை, பாதிக்கப்பட்டோர் நிதிக்கு 60 லட்சம் யூரோ தருவதாக ஒப்புக்கொண்டது. இழந்த இளமைக்கு அது ஈடாகாது. ஆயினும் கடன் உண்டு என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

தகப்பன் செய்த பாவம் மகனைச் சேராது. ஆனால் தகப்பனின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் கடனை அடைத்தாக வேண்டுமென்பது நம் ஷரீஅத். சொத்து கைமாறும்போது கடனும் உடன் வருகிறது. நாடுகளுக்கும் கம்பெனிகளுக்கும் மட்டும் வேறு நியாயமா?

ஜப்பானைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் கேட்போம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. இன்னும், முன்பணம் தந்தோம் என்று சொல்லி ஒரு குடும்பத்தையே செங்கல் சூளையிலோ கருவேலங்காட்டுக் கரிமூட்டத்திலோ கட்டிப்போடலாமா? நம் தறியில் நெய்துவிட்டுக் கணக்குத் தீராமல் நின்றவர் யார்? பாதிச் சம்பளத்தோடு நாம் அனுப்பிவிட்ட வேலைக்கார அம்மாள் இப்போது எந்த ஊரில்?

ஜகாத் கணக்குப் பார்க்குமுன் இந்தக் கணக்கைப் பார்ப்போம். ஆளைத் தேடுவோம், அவர் இல்லையேல் வாரிசைத் தேடுவோம். எவரும் அகப்படாதபோதுதான் அவர் பெயரால் சதகா. தேடாமல் கொடுக்கும் தருமம் கடனை அடைக்காது.

பிறர் வியர்வையைச் சுமந்தவர்களாக மஹ்ஷரில் நிற்கும் நிலையிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.