நல்வாழ்க்கை: வழியும் பணமும் விளக்கும்

 

பௌர்ணமி தோறும் விகாரத்தில் கூடி, மும்மணிகளைச் சரணடைந்து, பஞ்சசீலம் ஏற்று வீடு திரும்புகின்றோம். அவ்வாறு ஏற்ற சீலம் விகாரத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றதா, அல்லது மறுநாட் காலை நாம் ஏறுகின்ற வண்டியிலும், பணம் இட்டு வைக்கின்ற பாங்கிலும், வீட்டில் ஏற்றுகின்ற விளக்கிலும் நம்முடன் வருகின்றதா என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருளாகும்.

பஸ் சீட்டுக்கும் பாங்குக் கணக்குக்கும் தம்மத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பகவன் புத்தர் சேதனையை, அதாவது மனத்தின் எண்ணத்தையே வினை என்று போதித்தார். அறியாமல் எறும்பை மிதித்தவனும் அறிந்து மிதித்தவனும் ஒப்பாகார். ஆனால் குனிந்து பார்த்தால் எறும்பு தெரியும் என்று அறிந்திருந்தும், குனியாமலே நடப்பேன் என்று துணிகின்றவன் நிலை என்ன? பார்க்க விரும்பாமையும் ஓர் எண்ணமே அன்றோ? நம் கை எவ்வுயிரையும் வருத்தாதிருக்கலாம். நம் கையினின்று சென்ற காசு எங்கோ ஓர் உயிரை வருத்திக்கொண்டிருக்கவும் கூடும்.

இவ்வுண்மையை நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை. நம்மவர் வரலாறே விளக்கும். 1902 ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட கம்பியின் வழியாகக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பொன்னெடுக்கும் இயந்திரங்களை ஓட்டவே அது வந்தது. அவ்வியந்திரங்களோடு பூமியின் ஆழத்தில் பாறை பிளந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்து ஏழை உழைப்பாளிகள். பண்டிதர் அயோத்திதாசர் 1898 இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கருத்துகள் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும் அவர்களிடையேதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் எவர் கழுத்துக்கோ, எவர் பெட்டகத்துக்கோ போயிற்று. எஞ்சியவை சைனைடு மண்மேடுகளும், காற்றடித்தால் வீட்டுக்குள் புகும் தூசியும், முதியோர் நெஞ்சில் கல்தூள் படிந்த நோயுமே.

அப்பொன்னை அணிந்தவர்கள் எல்லாரும் கொடியவர்களா? அல்லர். அவர்களில் இரக்கமுடையோரும் தருமம் செய்தோரும் பலர் இருந்திருப்பர். தம் கழுத்திலிருந்த பொருள் எவருடைய மூச்சிலிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவே. இன்று கல்வியாலும் உழைப்பாலும் நம்மில் பலர் ஊதியம் பெற்று, வண்டி வாங்கி, பாங்கில் கணக்குத் தொடங்கி, மின்விசிறியின் கீழ் உறங்குகின்றோம். ஒரு காலத்தில் நம்மைப் பற்றிப் பிறர் கேட்கத் தவறிய வினாவை இன்று பிறரைப் பற்றி நாம் கேட்கின்றோமா?

முதலாவது, பயணம். வழிநடையும் வண்டியும் நமக்கு எளிதில் கிட்டியவை அல்ல. 1901 இல் சிறுவராயிருந்த அண்ணல் அம்பேத்கர், தந்தையைக் காணக் கோரேகாவுக்குச் செல்ல மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, சாதி அறிந்த வண்டிக்காரர் எவரும் வண்டியோட்ட முன்வரவில்லை. இரட்டிப்பு வாடகை தந்து, பிள்ளைகள் தாமே மாட்டை ஓட்டிச் செல்ல நேர்ந்தது. ஆதலின், உழைத்த காசில் நம் பிள்ளை ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால் அதனைக் குற்றமென்று கூற நமக்கு மனம் வராது; கூறவும் கூடாது.

ஆயினும் தம்மம் பயணத்துக்கும் ஓர் அளவு வகுத்துள்ளது. மழைக்காலத்தில் பிக்குகள் ஊர்ஊராகச் சென்றபோது, அவர்கள் பசும்பயிரை மிதிக்கின்றனர், சிற்றுயிர்களை நசுக்குகின்றனர் என்று மக்கள் குறை கூறினர். பகவன் அக்குறையை ஏற்று, மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் நியமத்தை ஏற்படுத்தினார். அறம் போதிக்கச் செல்லும் பயணமேயாயினும், அதன் கீழ் மிதிபடுவதையும் எண்ண வேண்டும் என்பதே அதன் கருத்து. அவ்வழியில், ஒவ்வொரு பயணத்திலும் தேவைக்கும் பகட்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் காணல் வேண்டும். இரவுப் பணி முடிந்து திரும்புகின்றவனுக்கு வண்டி தேவை. திருமணத்துக்குக் கடன் வாங்கிப் பத்துக் கார் அமர்த்துவது பகட்டு. தங்கவயலிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி உழைக்கச் செல்லும் ஆயிரக்கணக்கானோர் வறுமையின் காரணமாகவே அவ்வாறு செல்கின்றனர் என்று எண்ண வேண்டா. ஒருவர் தோளோடு ஒருவர் தோள் உரச அமரும் ரயில் பெட்டி நமக்குச் சமத்துவம் கற்பித்த பள்ளிகளுள் ஒன்று. அக்டோபர் 14 இல் நாகபுரி தீக்ஷாபூமிக்கும், வைசாகத்தில் புத்தகயைக்கும் செல்வோர் கூட்டாக ரயிலில் சென்றால், செலவும் புகையும் குறையும். சங்க உணர்வும் வளரும்.

இரண்டாவது, பணம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிபத்தை உபாசகன் விலக்க வேண்டும் என்பது பகவன் வாக்கு. அக்கடைகளை நாம் நடத்துவதில்லை. எனினும் பாங்கில் இட்ட பணம் பெட்டியில் உறங்குவதில்லை. வேறொருவர் தொழிலுக்குக் கடனாக எழுந்து செல்கின்றது. சாராயக் கடை வைக்கமாட்டேன் என்பவன், சாராய ஆலையின் பங்கு வாங்கி இலாபம் பெறுவது முறையா? பரஸ்பர நிதிகளில் பணமிடுவோர், அந்நிதி எந்தெந்தக் கம்பெனிகளில் முதலிட்டுள்ளது என்ற பட்டியலைப் பார்க்கலாம். அதனை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது விதி. மதுவும் புகையிலையும் அதில் உளவா என்று காண ஒரு நாழிகை போதும். 1969 ஜூலை 19 இல் 14 பாங்குகள் தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, பாங்கு என்பது சிற்றூரையும் சிறு தொழிலையும் நோக்கித் திரும்பியது. இன்றும் வணிக பாங்குகள் தம் கடனில் நூற்றுக்கு 40 பங்கை உழவு, சிறு தொழில், கல்வி, வீடு முதலிய முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. நம் பாங்கு அதனை எவ்வாறு செய்கின்றது, நம் பகுதியில் எத்தனை பேருக்குக் கல்விக் கடன் தந்தது என்று கேட்க, கணக்குள்ள ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு.

இதனினும் அருகில் உள்ள ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். பஞ்சசீலம் ஏற்றவர்களுள்ளேயே சிலர், அண்டை வீட்டானுக்கு மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் பணம் தருகின்றனர். ஓராண்டில் வட்டியே முதலை விழுங்கிவிடுகின்றது. கொடுக்கப்படாததை எடேன் என்று சொன்ன வாய்க்கு இது பொருந்துமா? சிகாலனுக்கு உபதேசித்தபோது பகவன், வருவாயை நான்காக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, ஒன்றை ஆபத்துக் காலத்துக்குச் சேமிக்குமாறு கூறினார். அச்சேமிப்பில் ஒரு சிறு கூற்றை நம் சங்கத்துப் பொதுநிதியாக்கி, கணக்கைத் தெளிவாக எழுதி, குறைந்த வட்டிக்கு நம்மவர்க்கு உதவினால், வட்டிக்காரன் வாயிலில் நிற்கும் தாய்மார் குறைவர். எஞ்சிய பணத்தைக் காப்பீடு உள்ள இடத்தில் இடுக. பாங்குகளில் ஒருவர் இட்ட தொகைக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பெருவட்டி காட்டி அழைக்கும் பதிவற்ற நிதிகளுக்கு அது இல்லை.

மூன்றாவது, விளக்கு. கோசாம்பி மன்னன் உதயணனின் தேவியர் ஐந்நூறு சீவரங்களை ஆனந்த தேரருக்கு அளித்தனர். இத்தனை ஆடையை என்ன செய்வீர் என்று மன்னன் வினவினான். சீவரம் நைந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய சீவரம்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். அதுவும் பழையதானால் தரைவிரிப்பாகி, பின் கால் துடைக்கும் துணியாகி, தூசி தட்டும் துணியாகி, இறுதியில் மண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு அளித்தான். பெற்ற பொருளின் ஒரு நூலையும் வீணாக்காமையே கொடுத்தவர்க்குச் செய்யும் நன்றி.

மின்சாரத்தையும் அவ்வாறே கருதுக. நம் நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்களவு நிலக்கரியிலிருந்து வருகின்றது. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி எரிகின்றது. ஜாரியா நிலக்கரி வயலில் 1916 இல் பற்றிய நிலத்தடித் தீ நூறாண்டுக்கு மேலாகியும் அணையவில்லை. அதன் மேல் குடிசைகள் உள்ளன. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. தங்கவயல் தூசியை உண்டவர்கள், எண்ணூர்ச் சாம்பலை அயலார் துன்பம் என்று எண்ணுதல் ஆகுமோ?

எனினும் இருளில் இருக்குமாறு நாம் கூறவில்லை. 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் அவையில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்த அண்ணல், மலிவும் மிகுதியுமான மின்சாரமே நாட்டின் வறுமை தீர வழி என்று கருதினார். ஆதலின் ஒளி வேண்டும், வீண் வேண்டா. பழைய மின்விசிறி 75 வாட் கொள்ளும், புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் ஆண்டுக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். நூறு கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கரி மண்ணிலேயே இருக்கும். சொந்தக் கூரை உள்ளோர் சூரிய மின்தகடு அமைக்க, 2024 இல் மைய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது. தகுதியுடையோர் விண்ணப்பிக்க எழுத்தறிந்த இளைஞர் உதவுக. கூரையற்றோர் வெற்றறையில் எரியும் விளக்கை அணைத்தாலே போதும்.

ஓர் எச்சரிக்கை. இவற்றைக் கைக்கொண்டவன், கைக்கொள்ள இயலாதவனைத் தாழ்வாக எண்ணுதல் கூடாது. பிழைக்க வேறு வழியின்றி இறைச்சிக் கடையிலோ நிலக்கரிச் சுரங்கத்திலோ கூலி செய்யும் சகோதரனை நோக்கி முகஞ்சுளித்தால், நாம் விட்டு வந்த தீட்டை வேறு பெயரிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தவராவோம். சீலம் நம்மை அளக்கத் தந்த கோல். அயலானை அடிக்க அதனை ஓங்குதல் அதரும்மம்.

பெரிய ஆலைகள் புகை கக்கும்போது நம் ஒரு விசிறியால் யாது பயன் என்போரும் உளர். ஊரில் பலர் பொய் பேசுகின்றனர் என்பதற்காக நாம் மெய் பேசுதலை விடுவதில்லை. மேலும், தன் வீட்டில் ஒன்றைச் செய்தவன் பொதுவில் கேட்கும்போது அவன் சொல்லுக்கு வலிமையுண்டு. பஸ் வேண்டுமென்று நகராட்சியையும், கடன் விவரம் வேண்டுமென்று பாங்கையும், சாம்பலை அகற்றுக என்று அரசையும் சங்கமாகக் கூடிக் கேட்போம்.

அன்பர்களே! அடுத்த உபோசத நாளுக்குள் ஒவ்வொரு இல்லத்தாரும் கூடி அமர்ந்து மூன்று வினாக்களை எழுப்புக: இம்மாதம் எப்பயணம் பகட்டுக்காகச் சென்றோம்? நம் பணம் இப்போது எவர் கையில், எத்தொழிலில் உள்ளது? நம் வீட்டில் எவ்விளக்கு எவருக்கும் பயனின்றி எரிகின்றது? மூன்றில் ஒன்றையேனும் திருத்திக்கொண்டு விகாரத்துக்கு வருக. அதுவே அன்று நாம் படைக்கும் மலராகுக.

நமோ புத்தாய!