ஊரிலிருந்தே வேலை

சென்னையில் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால், சுமார் 650 கி.மீ. தாண்டி, காலையில் அம்மா போட்ட காபியோடு லேப்டாப்பைத் திறந்துவிடலாம். தீபாவளி, பொங்கலுக்கு மட்டுமே ஊர் பார்த்தவர்களுக்கு, 2020-க்குப் பிறகு பரவலான இந்த வேலைமுறை பெரிய கொடைதான்.

ஆனால் வீட்டில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் மீட்டிங்கில் இருந்தால் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அம்மா மிக்ஸிகூடப் போடமாட்டார். பிள்ளை வந்தும், பேசக் காத்துக்கிடப்பார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அடுத்தமுறை போகும்போது ஒரு நாளாவது முழு விடுப்பு போடுங்கள்.