பாட்டு வாத்தியாருக்கு நாம் பட்ட கடன்



உங்கள் பிள்ளையின் பாட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தமிழுக்கு ஒரு கட்டம், கணக்குக்கு ஒரு கட்டம், விஞ்ஞானத்துக்கு ஒரு கட்டம் என்று வரிசையாயிருக்கும். எங்கேனும் ஒரு மூலையில் 'பாட்டு' என்று எழுதியிருந்தால், சென்ற மாதம் அந்த வகுப்பு எத்தனை தடவை மெய்யாகவே நடந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள். "அந்த நேரத்தில் கணக்கு ஸார் வந்துவிடுவார்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அப்படியொரு கட்டமே அட்டவணையில் இல்லையென்றால், இன்று நாம் கேட்கப்போகிற கேள்வி உங்களுக்கு இன்னும் அதிகமாய்ப் பொருந்தும். பரீட்சையில் மார்க்கு இல்லாத ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறவருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? பட்டிருந்தால், அது தருமமா, கூலியா?

கொரோனா நோய் பரவிய 2020 மார்ச்சில் நம் ராஜ்யத்துப் பள்ளிகளெல்லாம் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 ஜனவரியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. இரண்டாம் அலைக்குப் பிறகு, செப்டம்பர் 1-ந் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும், நவம்பர் 1-ந் தேதி ஒன்று முதல் எட்டு வரையிலும் பிள்ளைகள் திரும்பினார்கள். ஆறாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பையன் எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தான். இதற்குள் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. முன்பு மேல் ஸ்தாயியில் தாராளமாய்ப் பாடியவன், இப்போது வாயைத் திறந்தால் கரகரக்கிறது. பக்கத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். "இது எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுதானப்பா, சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடு, கத்தாதே, சில மாதத்தில் சரியாய்ப் போகும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் இல்லாத பள்ளியில், "எனக்குப் பாட்டு வராது" என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஆயுசு முழுவதும் வாயை மூடிக்கொள்வான். கணக்கில் பின்தங்கியவனைத் தேடிப்பிடிக்கப் பரீட்சை இருக்கிறது. இவனைத் தேட எதுவுமில்லை.

பள்ளி மூடியிருந்த காலத்தில் மற்றப் பாடங்களைக் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓரளவு நடத்த முடிந்தது. சேர்ந்து பாடுவதை மாத்திரம் நடத்த முடியவில்லை. காரணம் எளிது. ஒரு நீண்ட வகுப்பறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தம் போய்ச்சேர நொடியில் சில நூற்றிலொரு பங்குதான் ஆகும். கைப்பேசி வழியே போகிற சத்தம் அதைக் காட்டிலும் பலமடங்கு தாமதிக்கும். பேச்சுக்கு அது பாதகமில்லை, தாளத்துக்கு ஆகாது. நாற்பது பிள்ளைகள் நாற்பது வீட்டிலிருந்து ஒரே வரியைப் பாடினால் வருவது பாட்டல்ல, சந்தை இரைச்சல்.

பள்ளி திறந்த பிறகும் பாட்டுக்கே எல்லோரும் அதிகமாய் அஞ்சினார்கள் என்பது மெய்தான். அந்த அச்சத்திலும் நியாயமிருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் ராஜ்யத்து ஸ்காஜிட் ஜில்லாவில், 2020 மார்ச் 10-ந் தேதி ஒரு பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடிற்று. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது, அல்லது கண்டிருக்கலாமென்று வைத்தியர்கள் கணக்கிட்டார்கள், இருவர் மாண்டுபோனார்கள். மூச்சை ஆழமாய் இழுத்து உரக்க விடுகிற தொழிலல்லவா பாட்டு! ஆகையால் அந்தக் காலத்தில் பாட்டு வகுப்பை நிறுத்தியதைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் நோய் தணிந்து, முகக்கவசம் கழன்று, சந்தையும் சினிமாவும் பழையபடி நிரம்பிய பிறகு, பாட்டின் கட்டத்தைத் திருப்பிக் கொடுத்தோமா என்பதே கேள்வி.

"பிள்ளைகள் எழுத்துக் கூட்டவே மறந்துவிட்டார்கள், இந்த நேரத்தில் பாட்டு ஒரு கேடா?" என்று கேட்கிற தகப்பனார் உண்டு. அவரை நான் அற்பமாய் எண்ணவில்லை. அன்றாடம் கூலிக்குப் போய், வெங்காய வயலிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலோ உடம்பை வருத்திப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர் அப்படித்தான் கேட்பார். சர்க்காரும் அந்தக் குறையை உணர்ந்து 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் கொண்டுவந்தது. அது செய்யவேண்டிய காரியமே. ஆனால் மறந்துபோன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வாரத்தில் பாட்டுக்கு உள்ள ஒரே மணி நேரத்தைத்தான் பிடுங்கவேண்டுமா? அந்த ஒரு மணி நேரத்தால் கணக்கு தேறிவிடுமானால், மற்ற மணிநேரங்களில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

பாட்டுக்காக வாதாடுகிற சிலர், "இசை கற்றால் கணக்கும் நன்றாய் வரும்" என்கிறார்கள். வரலாம், வராமலும் போகலாம். அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டைக் கணக்கின் வீட்டு வேலைக்காரியாக்கி, வேலைக்குத்தான் சோறு என்று சொல்லுவதுபோல அது இருக்கிறது. நடவு வயலில் பாடிய நம் பாட்டிமார் எந்தக் கணக்குக்காகப் பாடினார்கள்? தாலாட்டுக்கு மார்க்கு போட்டவர் யார்?

இனிக் கூலிக்கு வருவோம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கிற பள்ளிகளில் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி இவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டுமென்று அது விதித்தது. அதன்படி 2012-ல் தமிழ்நாட்டில் 16,549 பேரை நியமித்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, தோட்டக்கலை இவற்றோடு இசையும் ஒன்று. (ஓவியத்துக்குத் தனி இடம் கொடுத்தவர்கள், இசையைத் தையலோடும் தோட்டத்தோடும் தொழிற்கல்வியில் சேர்த்தார்கள். அது ஏனென்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுவது கஷ்டம்.) வேலை வாரத்துக்கு மூன்று அரை நாள். சம்பளம் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, 2021-ல் 10,000 ஆகி, 2024-ல் 12,500 ஆயிற்று. அந்த வருஷங்களில் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் மளிகைக்கடைக்காரர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிடுகிறாரா?

"அரை நாள் வேலைக்கு அரைச் சம்பளம், ஒப்புக்கொண்டுதானே வந்தார்?" என்பீர்கள். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்கோ, பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைக்கோ பஸ் ஏறிப்போய், அரை நாள் பாடம் சொல்லித் திரும்புகிறவருக்கு மிச்சமுள்ள அரை நாளில் வேறென்ன நிலையான வேலை கிடைக்கும்? 13-ம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதிய நிருபத்தில் இதைத் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறார்: இருவரும் சம்மதித்தார்கள் என்பதால் மாத்திரம் கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாய் வாழ்கிற தொழிலாளி பிழைக்கப் போதாத கூலி, அவன் கைநீட்டி வாங்கினாலும் அநீதியே. சில தனியார் பள்ளிகளில் 'வகுப்புக்கு இத்தனை' என்று கொடுக்கிறார்கள். வகுப்பு நடக்காவிட்டால் பணமில்லை. பூட்டிய பள்ளியில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இதற்கிடையே ஒரு வேடிக்கை நடந்தது. சிறுவர் பள்ளிகள் திறந்து ஏழு வாரங்கூட ஆகாத 2021 டிசம்பர் 17-ந் தேதி, தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. மோகன ராகத்தில், திஸ்ர தாளத்தில், 55 நொடியில் பாடவேண்டும். பொது விழாக்களில் இசைத்தட்டைப் போடாமல், பயின்றவர்கள் வாயால் பாடவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மிக நல்ல ஆணை. ஆனால் மோகனம் இன்னதென்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் யார்? 55 நொடியும் சுருதி விலகாமல் நிற்கப் பழக்குகிறவர் யார்?

2022 முதல் சர்க்கார் பள்ளிகளில் நடக்கிற கலைத்திருவிழாவை மெச்சுகிறேன். ஏழைப் பிள்ளையும் மேடை ஏறியது. ஆனால் போட்டி ஏற்கெனவே பாடத் தெரிந்தவனை மேடையேற்றும். தெரியாதவனைத் தெரிந்தவனாக்குவது திங்கட்கிழமை பிற்பகல் வகுப்புத்தான். பெரம்பலூரில் சர்க்கார் இசைப்பள்ளி ஒன்றிருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவிலெல்லாம் கற்பிக்கிறார்கள். ஆனால் அங்கே போய்ச்சேர வேண்டுமென்ற ஆசை ஒரு பிள்ளைக்கு முதலில் எங்கே பிறக்கும்? ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் பாடுகிற பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆசையைக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர்தான் என்பது அவர்களைக் கேட்டால் தெரியும்.

சம்பளத்தை உயர்த்துவது நம் கையிலில்லை. அது சர்க்காரின் பொறுப்பு, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்கவேண்டியது. நம் கையிலுள்ளதும் உண்டு. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் திருத்தியமைக்கப்பட்டன. அதில் பெரும்பான்மையோர் பெற்றோர்களே. அடுத்த கூட்டத்துக்குப் போகிற தாய்மார்கள், கழிப்பறையையும் குடிதண்ணீரையும் கேட்கும்போது, பாட்டு வகுப்பு எந்தக் கிழமை, சென்ற மாதம் எத்தனை நடந்தது என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பாட்டு வாத்தியாரே இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேட்டு, அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள். ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து கிடந்தால் நாலு குடும்பம் சேர்ந்து பழுதுபார்த்துக் கொடுங்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு வாரத்துக்குமுன் அவரைக் கூப்பிட்டு, "விருந்தாளி வருகிறார், மூன்று பாட்டுத் தயார்செய்யுங்கள்" என்று சொல்லுகிற வழக்கத்துக்குத் துணைபோகாதீர்கள். ஜூனிலேயே கேளுங்கள், பஸ் சார்ஜையும் அப்போதே கையில் கொடுங்கள்.