பத்தில் நிற்கும் குமிழ்

எலெக்ட்ரிக் கிதாரின் வால்யூம், டோன் குமிழ்களைப் பத்து வரை திருப்பிவிட்டால் கருவி தன் இயல்பான குரலில் பேசும் என்பது வாசிப்பவர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. பத்து என்றால் முழுத் திறப்பு. அதற்குக் கீழே திருப்புவதெல்லாம் அந்த இயல்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது. ஆனால் அதே கிதாரில் 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றிவிட்டு 500 கிலோ ஓமைப் பற்றவைத்தால், பத்தில் கேட்கும் குரலே மாறிவிடுகிறது. தந்தி அதேதான், மரம் அதேதான், விரலும் அதேதான். இரண்டில் எது இயல்பு? கேள்வி பட்டறை மேசையில் எழுந்தாலும் அதன் வேர் பழையது. எதையும் சாராமல் தனித்து நிற்கும் தன்னியல்பு என்று ஒரு பொருளுக்கு ஏதாவது உண்டா?

பொட்டென்ஷியோமீட்டர் என்றதும் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு ஆய்வகத்து மின்னழுத்தமானி நினைவுக்கு வரும்: பலகையில் நீட்டிக் கட்டிய கம்பி, அதன்மேல் நகர்த்தும் தொடுசாவி. அது அளக்கும் கருவி. கிதாருக்குள் இருப்பது எதையும் அளப்பதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தொழிலில் இருப்பவர்கள் ‘பாட்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். லாட வடிவில் ஒரு கார்பன் தடம், அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு கால், தடத்தை உரசியபடி நகரும் துடைப்பானுக்கு நடுக்கால். வால்யூம் பாட்டில் பிக்கப்பின் கம்பி ஒரு முனையில் சேர்கிறது, மறுமுனை எர்த்துக்குப் போகிறது, நடுக்காலிலிருந்து ஒலிக்குறிப்பு வெளியேறுகிறது. துடைப்பான் எங்கே நின்றாலும் தடத்தின் முழு மின்தடையும் பிக்கப்புக்கும் எர்த்துக்கும் குறுக்கே கிடக்கிறது. பத்திலும் அது விலகுவதில்லை. முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஒற்றைச் சுருளின் தூண்டல் 2 முதல் 2.5 ஹென்றி; கிப்சன் வகை இரட்டைச் சுருளான ஹம்பக்கருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிள், மீட்டருக்குச் சுமார் 100 பைகோ ஃபேரட் மின்தேக்குத் திறன் கொண்டது. ஐந்து மீட்டர் கேபிளின் திறனும் சுருளுக்குள்ளேயே இருக்கும் திறனும் சேர்ந்து சுமார் 600 பைகோ ஃபேரட் என்றால், ஒற்றைச் சுருள் 4,400 ஹெர்ட்ஸ் அருகிலும் ஹம்பக்கர் 3,100 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒத்ததிர்கின்றன. அந்த இடத்தில் எழும் சிகரம்தான் காதுக்கு மினுமினுப்பாக, சில சமயம் குத்தலாகக் கேட்பது. சிகரம் எங்கே எழ வேண்டும் என்பதைச் சுருளும் கேபிளும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்பதில் பாட்டின் கை ஓங்கியிருக்கிறது. வால்யூம் ஒன்று, டோன் ஒன்று என இரண்டு 250 கிலோ ஓம் பாட்டுகள் பத்தில் நின்றால், அந்த அதிர்வெண்ணில் பிக்கப் சுமப்பது 125 கிலோ ஓம் பாரம். இரண்டும் 500 ஆனால் 250 கிலோ ஓம். தடை குறையக் குறைய பாரம் கூடும், சிகரம் தணியும்.

உயிருக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் இலக்கணம் ஒன்று இங்கே கைகொடுக்கிறது: சார்ந்ததன் வண்ணமாதல். பளிங்கின் அருகே செம்பருத்தியை வைத்தால் பளிங்கு சிவக்கும். நீலப்பூவை வைத்தால் நீலமாகும். அத்வைதமும் இதே பளிங்கை எடுத்தாள்கிறது, ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு. அங்கே சிவப்பு, உபாதியால், அதாவது அருகிருக்கும் பூவால், வந்த தோற்றம். பூவை அகற்றினால் பளிங்கு தன் தெளிவில் நிற்கும், அந்தத் தெளிவே உண்மை. சித்தாந்தியோ, உயிர் பாசம் என்ற கட்டைச் சார்ந்து அதன் வண்ணமாகும், அல்லது பதி என்ற இறைவனைச் சார்ந்து பதியின் வண்ணமாகும், எதையும் சாராமல் தனித்து நிற்கும் மூன்றாவது நிலை அதற்கு இல்லை என்கிறார். பத்தில்தான் அசல் தொனி என்று வாதிடும் கிதார்க்காரர் தன்னை அறியாமலே அத்வைதப் பளிங்கைக் கையில் வைத்திருக்கிறார். உவமையை இதற்குமேல் நீட்டக்கூடாது. உயிர் அறிவுடையது, செம்புச் சுருள் சடம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை எந்தச் சித்தாந்தியும் ஒப்பமாட்டார்.

பூவை அகற்றித்தான் பார்க்கலாமே என்றால், ஆய்வு மேசையில் அதுவும் முடியும். பாட்டும் கேபிளும் இல்லாமல் வெறும் ஒற்றைச் சுருளை அளந்தால் ஒத்ததிர்வு 10,000 ஹெர்ட்ஸை ஒட்டிப் போய்விடுகிறது. கிதாருக்கான ஒலிபெருக்கிகளோ பெரும்பாலும் 5,000, 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஊமை. சாராத நிலையில் கருவிக்கு ஒரு குணம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைக் கேட்க வழியில்லை. கேட்க வேண்டுமானால் கேபிளைச் செருக வேண்டும். செருகிய கணத்தில் அது சார்ந்த நிலை ஆகிவிடுகிறது. ஒலி என்றுமுள்ளது, வெளிப்பட மட்டுமே செய்கிறது என்ற மீமாம்சகருக்கும், ஒலி உண்டாக்கப்படுவது, அதனால் அழிவது என்ற நியாயவாதிக்கும் நடந்த நெடிய வழக்கை இது நினைவுபடுத்தும். இரண்டாம் தரப்பு எடுத்துக்காட்டாக எப்போதும் காட்டுவது குடம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்த அளவையியலை விளக்கும்போதும் ஒலியின் நிலையாமையே உதாரணம். ஆங்கிலத்தில் ‘பாட்’ என்றாலும் குடம்தான் என்பது தற்செயலான வேடிக்கை.

இயல்பு என்று ஒன்றைக் கண்டெடுக்க முடியாது, எதைச் சார வைப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும் என்றால், தேர்வுக்கு அளவுகோல் வேண்டும். நடைமுறையில் அது எளியது. ஒற்றைச் சுருளின் சிகரம் உயரமான அதிர்வெண்ணில் இருப்பதால் அதை அடக்க 250 கிலோ ஓம். ஹம்பக்கரின் சிகரம் தாழ்வான இடத்தில் இருப்பதால் அது மங்கிவிடாமல் காக்க 500. ஃபெண்டரும் கிப்சனும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போயின. விலகல்களும் உண்டு. 1958இல் வந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டரில் 1 மெகா ஓம் பாட்டுகள். அதன் ஒற்றைச் சுருள் அகன்று தட்டையானது, கதகதப்பான தொனிக்காக வடிவமைக்கப்பட்டது. 1970களில் கிப்சன் பல கிதார்களில் 300 கிலோ ஓம் வால்யூம் பாட்டுகளைப் போட்டது. அந்த ஹம்பக்கர்கள் கம்பளி போர்த்தியதுபோல் ஒலிப்பதாகக் குறைப்பட்டு 500க்கு மாற்றிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. ஒரே கிதாரில் ஹம்பக்கரும் ஒற்றைச் சுருளும் இருந்தால் 500 கிலோ ஓம் பாட்டைப் போட்டு, ஒற்றைச் சுருள் வேலை செய்யும்போது மட்டும் 470 கிலோ ஓம் மின்தடையை இணையாகச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 242 ஆகிறது. சமரசங்களில் இது கௌரவமான ஒன்று.

மதிப்பு முடிவானபின் பார்க்க வேண்டியது, திருப்பத் திருப்பத் தடை ஏறும் வளைவு. மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுக்காலிலும் மற்றதை எர்த்துக்குப் போக வேண்டிய முனைக்காலிலும் வைத்து அச்சை மெல்லத் திருகிப் பார்த்தால் நேரியல், மடக்கை என்ற இரு வகைகளின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நேரியல் வகை 250 கிலோ ஓம் பாட்டில் பாதிச் சுற்றில் 125 காட்டும். மடக்கை வகையில் அதே பாதிச் சுற்றில் 25க்கும் 40க்கும் இடையே எங்கோ நிற்கும், பிறகு மீதிச் சுற்றில் மளமளவென்று ஏறும். நேரியல் பாட்டைப் பாதிக்குத் திருப்பினால் குறைவது சுமார் 6 டெசிபல்தான், காதுக்கு அது பாதியாகத் தெரியாது. பாதியாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். புலனைத் தொடும் தூண்டுதல் பெருக்கல் கணக்கில் ஏறினால் உணர்வு கூட்டல் கணக்கில் ஏறுகிறது என்று இதைச் சூத்திரமாக்கியவர் லைப்சிக்கின் குஸ்டாவ் ஃபெக்னர். 1850 அக்டோபர் 22 காலை படுக்கையில் கிடந்தபடியே இந்த எண்ணம் வந்ததாக அவரே பதிந்திருக்கிறார். நூலாக வந்தது 1860இல். அவர் தேடியது குமிழுக்கான வளைவை அன்று. மனமும் உடலும் ஒரே மெய்ப்பொருளின் உட்புறமும் வெளிப்புறமும் என்ற தன் நம்பிக்கைக்குக் கணித வடிவம் தேடினார். செடிகொடிகளுக்கும் ஆன்மா உண்டு என்று 1848இலேயே புத்தகம் எழுதியவர். 1957இல் உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் அவர் விதியை அடுக்கு விதியாகத் திருத்தினார். பாட் செய்பவர்களுக்கு இந்தத் திருத்தம் பெரிய பொருட்டில்லை, ஏனென்றால் கடையில் மடக்கை என்று விற்பதே பெரும்பாலும் சரிவு வேறான இரண்டு நேர்க்கோடுகளை ஒட்டவைத்த தடம்தான். டிஸ்டார்ஷனில் ஆம்ப்ளிஃபயர் ஒலியை ஏற்கெனவே நசுக்கிவிடுவதால், அப்படி வாசிப்பவர்களில் சிலர் வால்யூமுக்கு நேரியல் வகையே சீராக இருப்பதாகச் சொல்வது நியாயம்தான்.

குமிழைக் கீழே திருப்பும்போது ஒரு முரண் வெளிப்படுகிறது. துடைப்பான் தடத்தின் நடுவே நிற்கையில், மேல்பாதியும் கீழ்பாதியும் இணையாகச் சேர்ந்து கேபிளுக்கு முன்னால் ஒரு தடையாகின்றன. 500 கிலோ ஓம் பாட்டில் அது 125 கிலோ ஓம் வரை போகும். 500 பைகோ ஃபேரட் கேபிளோடு சேர்ந்தால் 2,500 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் வடியத் தொடங்கும். 250இல் அந்த எல்லை 5,000 ஹெர்ட்ஸ். பத்தில் அதிகம் பளபளக்கும் பாட்தான் ஏழுக்கு வந்ததும் அதிகம் மங்குகிறது. வால்யூம் பாட்டின் மேல்காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 0.001 மைக்ரோ ஃபேரட் அளவில் சிறு மின்தேக்கியைப் பற்றவைத்து மேற்சுரங்களைத் தப்பவிடுவது வழக்கமான மருந்து. முழுத் திறப்பில் மட்டும் காதைக் கொடுத்துப் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்.

டோன் குமிழைக் கழிப்பான் என்று சொல்வதும் பாதி உண்மை. பத்திலிருந்து இறங்கும்போது முதலில் சிகரம் தட்டையாகிறது, அதுவரை கழித்தல்தான். பூஜ்யத்தை நெருங்கும்போது தடை விலகி, டோன் பாட்டோடு பிணைந்த மின்தேக்கி நேரடியாகச் சுருளோடு சேர்கிறது. ஹம்பக்கரோடு 0.022 மைக்ரோ ஃபேரட் சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸ் அருகே புதிய ஒத்ததிர்வு ஒன்று பிறக்கிறது. 1967 வாக்கில் கிரீம் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்த, மூக்கடைத்த பாடகரைப் போல் முனகும் அந்தத் தொனி இந்த இடத்தைச் சேர்ந்தது. நியாய வைசேடிகர் அபாவத்தையும், அதாவது இன்மையையும், ஒரு பதார்த்தமாக எண்ணியதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல செவிவழிச் சான்று கிடைப்பது கடினம். ஒற்றைச் சுருளோடு 0.047, ஹம்பக்கரோடு 0.022 என்பது பொதுவான வழக்கம்.

பேஸ் கிதாரில் சார்பு இன்னும் சிக்கலாகிறது. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் வால்யூம் ஒன்று, டோன் ஒன்று, இரண்டும் 250. 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம். பின்னர் நிலைத்த மூன்று குமிழ் அமைப்பில் எல்லாம் பத்தில் நின்றால் மூன்று 250 கிலோ ஓம் பாட்டுகளும் இணையாகி 83 கிலோ ஓம் பாரமாகின்றன. பேஸ் அல்லாத கிப்சன் லெஸ் பால் கிதாரிலும் இதே கதை: நான்கு 500 கிலோ ஓம் பாட்டுகள். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் மாற்றி நடுவில் நிற்கும்போது நான்கும் சேர்ந்து 125. அந்த நிலையில் ஒரு பிக்கப்பின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் மற்றதும் அடங்கிவிடும், ஏனென்றால் இரண்டு நடுக்கால்களும் ஒரே கம்பியில் சந்திக்கின்றன. ஜாஸ் பேஸில் பிக்கப்பை நடுக்காலிலும் வெளியேற்றத்தை முனைக்காலிலும் இணைத்திருப்பதால் ஒன்று மௌனமானாலும் மற்றது பேசுகிறது. இரு கம்பிகள் இடம் மாறினால் போதும், தனித்தன்மை வந்துவிடுகிறது.

பொறித்த எண்ணையும் முழுசாக நம்ப முடியாது. 20 சதவீதப் பிழை வரம்பு சாதாரணம். 500 என்று அச்சிட்டது 400ஆகவோ 600ஆகவோ இருக்கலாம். வாங்கும்போதே முனைக்கால்களை அளந்து, பளிச்சென்ற தொனி வேண்டுபவர் மேல்பக்கத்தையும் மென்மை வேண்டுபவர் கீழ்ப்பக்கத்தையும் எடுத்துக்கொள்வது, விலை உயர்ந்த மின்தேக்கிக்குச் செலவழிப்பதைவிட உருப்படியான வேலை.

எதையும் சாராத தொனியைத் தேடுபவர்களுக்காகவே பத்தில் தடம் அறுபடும் டோன் பாட் விற்கிறது. கடைசியில் ‘டக்’கென்று ஒரு தட்டல், டோன் சுற்று முழுதும் விலகிவிடும். கிதார் கலைஞர் எட்டி வான் ஹேலன் டோன் சுற்றையே எடுத்துவிட்டார். அவர் பிரபலமாக்கிய சிவப்பு வெள்ளைக் கோடிட்ட கிதாரில் மிஞ்சியது ஒரே வால்யூம் பாட், அதன் தலையில் இருந்த குமிழிலோ ‘டோன்’ என்று எழுதியிருந்தது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டுப் பிக்கப்பை நேரே ஜாக்கில் பற்றவைத்தாலும் கேபிள் மிஞ்சுகிறது, ஆம்ப்ளிஃபயரின் வாயிலில் வழக்கமான 1 மெகா ஓம் மிஞ்சுகிறது.

மின்கலம் போட்ட ஆக்டிவ் பிக்கப்புகளில் மட்டும் இந்தச் சார்பு அறுகிறது. ஈஎம்ஜி வகையில் பிக்கப்புக்குள்ளேயே சிறு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. வெளியேற்றத் தடை குறைவு என்பதால் கேபிளும் பாட்டும் அதன் சிகரத்தைத் தொட முடிவதில்லை. அதற்கு 25 கிலோ ஓம் பாட் போதும். அங்கே 250ஐப் போட்டால் குமிழ் ஏறக்குறைய சுவிட்ச்சைப்போல் நடந்துகொள்ளும். சாதாரண பிக்கப்பில் 25ஐப் போட்டால் தொனி சேற்றில் புதைந்துவிடும். ஆக்டிவ் பிக்கப் கொண்ட கருவியில் வால்யூம் பாட் வால்யூமை மட்டுமே மாற்றுகிறது. சுருள் எந்தப் பாரத்தைச் சார வேண்டும் என்ற தேர்வு தொழிற்சாலையிலேயே முடிந்து, பிக்கப்புக்குள் எப்பாக்ஸி ஊற்றி அடைக்கப்பட்டிருக்கிறது.