நம் வீட்டுக் கழிவும் நம் கடமையும்

மனிதனுடைய கடமை எந்த இடத்தில் முடிகின்றது என்னும் கேள்விக்கு விடை தேடி வானத்தையும் ஏட்டையும் புரட்ட வேண்டியதில்லை. நம் வீட்டுப் புறக்கடையிலேயே அக்கேள்வி கிடக்கின்றது. கழிப்பறையில் தண்ணீரை ஊற்றியதும் 'தொலைந்தது' என்று கதவைச் சாத்திக்கொண்டு வருகின்றோம். அது உண்மையில் தொலைந்ததா? தொலையவில்லையென்றால் அதன்பின் அது யாருடையது? இதனையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இந்நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு விடை கூறியிருக்கின்றது. முன்பு கழிவுநீர் வேலையை அந்தந்த ஊர் நகராட்சிகளே பார்த்து வந்தன. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், 1994 முதல் அது இண்டா வாட்டர் கம்பெனியின் கைக்கு மாறிற்று. 2000-இல் அக்கம்பெனியை அரசாங்கத்தின் நிதியமைச்சே எடுத்துக்கொண்டது. இப்போது நடப்பில் உள்ளது, 2006-இல் இயற்றப்பட்டு 2008-இல் அமலுக்கு வந்த நீர்ச்சேவைச் சட்டம். வீட்டிற்குள் உள்ள குழாய்களும், வீட்டிலிருந்து பொதுக்குழாயைச் சென்று சேரும் இணைப்புக் குழாயும் வீட்டுக்காரர் பொறுப்பு. பொதுக்குழாயும் அதற்கப்பால் உள்ள சுத்திகரிப்பு நிலையமும் கம்பெனியின் பொறுப்பு. பொதுக்குழாய் இல்லாத இடங்களில் மலத்தொட்டி வைத்திருப்போர், இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் வண்டி வரவழைத்து அதனைத் துப்புரவு செய்தல் வேண்டும்.

சட்டம் கோடு கிழித்து விட்டது, நல்லதே. ஆனால், அக்கோட்டை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம்?

சாலாக் செலாத்தானில் ஒரு வரிசை வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்காரர் சமையலறையைப் பின்சந்து வரை நீட்டி, அங்கிருந்த ஆள்குழி மூடியின் மேல் ஓடு பதித்து விட்டார். இரண்டாம் வீட்டம்மையார் தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைச் சூட்டோடு தொட்டியில் ஊற்றி விட்டார். மூன்றாம் வீட்டுக்காரர் கூரை மழைநீரைக் கழிவுக் குழாயோடு இணைத்து விட்டார். ஒரு பெருமழை நாளில், ஒரு குற்றமும் அறியாத நான்காம் வீட்டுக் குளியலறையில் ஊரழுக்கு முழுவதும் பொங்கி எழுகின்றது. அவர் சென்று கேட்டால் மூவரும் என்ன சொல்வர்? "எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லையே! கம்பெனியைக் கேளுங்கள்" என்பர். கம்பெனியின் ஆட்கள் வந்தாலோ, திறக்க வேண்டிய மூடி ஒருவர் வீட்டு அடுப்படிக்குக் கீழே கிடக்கின்றது!

மூவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் தண்ணீர் நன்றாகவே ஓடுகின்றது. எனினும் மூவரும் சேர்ந்து நான்காமவரைக் கெடுத்தனர். இதில்தான் விஷயம் இருக்கின்றது. செலவை யார் ஏற்பது என்று தீர்ப்பதற்குக் கிழித்த கோட்டை நாம் மனச்சாட்சிக்கும் எல்லையாக்கி விட்டோம்.

செலவின் எல்லை மனிதர் வைத்தது. மனிதரே அதனை மாற்றுவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக்குழாய்களில் பெரும்பாலானவற்றைப் பழுது பார்ப்பது நெடுங்காலம் வீட்டுக்காரர் தலையில் இருந்தது. 2011 அக்டோபர் முதல் தேதி அப்பொறுப்பு கழிவுநீர்க் கம்பெனிகளுக்கு மாற்றப்பட்டது. ஒரே இரவில் கோடு நகர்ந்தது. ஆனால், அந்த இரவில் குழாய்க்குள் ஓடிய அழுக்கு மாறிற்றா? அதனை உண்டாக்கினவர் மாறினரா?

கோட்டைப் பற்றி அழுக்கு கவலைப்படுவதில்லை என்பதற்கு 1854-இல் லண்டன் பிராட் தெருவில் நடந்தது சான்று. அங்கே வாந்திபேதியால் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தெருக்குழாய்த் தண்ணீரே நஞ்சு என்று டாக்டர் ஜான் ஸ்நோ எடுத்துக் காட்டினார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த ஒரு வீட்டு மலக்குழியின் செங்கற்கள் சிதைந்து, கழிவு பொதுக் கிணற்றில் கசிந்தது தெரிய வந்தது. அவ்வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் அக்குழியில்தான் ஊற்றப்பட்டது. குழி ஒரு வீட்டின் சொத்து. சாவோ ஊரின் சொத்தாயிற்று.

இவ்வளவு சொல்வதால் அதிகாரிகளை விட்டுவிட்டோம் என்று கருத வேண்டாம். மண்ணுக்கடியில் உள்ள குழாயை ஏழைத் தொழிலாளி எவ்வாறு காண்பான்? சாலையோரத்து மர வேரால் அது பிளந்திருந்தால் அவன் என்ன செய்வான்? கோட்டைக் கிழித்தவர்களே அது எங்கே ஓடுகின்றது என்பதை ஒவ்வொரு வீட்டாருக்கும் அவரவர் மொழியில் காட்டுதல் வேண்டும். தோட்டத்து லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறிய நம் மக்களின் நிலை இன்னும் கடினம். அங்கே பொதுக்குழாய்கள், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டட நிருவாகத்தின் பொறுப்பு. பராமரிப்புப் பணம் வசூலாகாத இடத்தில் நிருவாகமும் கையை விரிக்கின்றது. முறையாகக் கட்டணம் செலுத்துவது நம் கடமை. செலுத்திய பின் கணக்குக் கேட்பது நம் உரிமை. முன்னதைச் செய்யாதவர் பின்னதைக் கேட்க வாய் எழாது.

இனி, இவ்விஷயத்தின் அடியில் நிற்கும் மனிதனைப் பார்ப்போம். இந்நாட்டு நகரங்களில் ஒரு காலத்தில் புறக்கடைச் சிறு கதவு வழியே மலவாளி எடுக்கப்பட்டது. தெரு கூட்டவும் சாக்கடை வாரவும் சானிட்டரி போர்டுகளில் தென்னிந்தியத் தொழிலாளர் பலர் உழைத்தனர். இந்தியாவில் மனிதன் கையால் மலம் அள்ளுவதை 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் தடுத்தன. சாக்கடைக்குள் இறங்கி மாண்டவர் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் தருமாறு 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023-இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததன் பொருள் என்ன? சாவு நின்றபாடில்லை என்பதே.

அழுக்கை உண்டாக்கியவன் சுத்தமானவன், அதனை அகற்றியவன் தீண்டத்தகாதவன் என்னும் கொடுமை எங்கிருந்து பிறந்தது? 'என் வாசலைத் தாண்டியது என்னுடையதன்று' என்னும் அந்த ஒரு நினைப்பே அதற்கு வேர் என்போம். சாதியை ஒழிக்க மேடை ஏறும் நாம், வீட்டுக்கு வந்து பழந்துணியையும் எண்ணெயையும் குழாயில் தள்ளிவிட்டு, அடைப்பெடுக்க வந்தவனைக் கண்டு மூக்கைப் பிடித்தால், ஒழித்தது எது?

ஆகவே, நாம் வேண்டுவது பெரிய தியாகமன்று. உங்கள் வீட்டு ஆள்குழி எங்கே இருக்கின்றதென்று இன்றே தேடிப் பாருங்கள். அதன்மேல் எதையும் கட்டாதீர்கள். எண்ணெயைப் புட்டியில் ஊற்றி ஒதுக்குங்கள். மழைநீரைக் கால்வாய்க்கு விடுங்கள். தொட்டியைக் காலத்தில் துப்புரவு செய்யுங்கள். கழிவுநீர்க் கட்டணச் சீட்டை இழுப்பறையில் போட்டு மூடாதீர்கள். அடைப்பெடுக்க வருபவருக்கு உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.

சட்டத்தின் கோடு பொதுக்குழாயோடு நிற்கட்டும். நம் கடமையின் கோடு, நாம் விட்ட நீர் கிள்ளான் ஆற்றில் கலந்து, அக்கரையில் ஒரு குழந்தை அதில் கால் நனைக்கும் இடம் வரையில் செல்லுதல் வேண்டும்.