உயிருள்ளவரை கைவிடாதே
(ஊத்துக்கோட்டையில் பிரதோஷ தினத்தன்று நிகழ்த்திய சொற்பொழிவு)

சுருட்டப்பள்ளியில் தரிசனம் முடித்து, சுண்டல் வாங்கின கையைக்கூடத் துடைக்காமல் வந்து அமர்ந்திருக்கும் மகாஜனங்களே! ஆலகாலத்தை அருந்திய களைப்பில் அம்பிகையின் மடியில் சிரம் வைத்துப் பள்ளிகொண்ட பரமேசுவரனை இப்போதுதானே சேவித்துவிட்டு வருகிறீர்கள்? அந்தச் சமயத்தில் அம்பாள் ஸ்வாமிக்கு வேதாந்தமா உபதேசித்தாள்? மடியைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஏன் சொல்கிறேன் என்றால், வெகுகாலம் வாசலைக் காத்துக் கிடந்த நாய் கிழடாகிக் கண்மூடிவிட்ட துக்கத்தில் ஓர் அம்மாள், "நாய்க்காக அழுவது பாபமா?" என்று சற்றுமுன் கேட்டார். "மானை நினைத்த பரத மகாராஜா மானாய்ப் பிறந்தாரே, நீ நாயாய்ப் பிறப்பாய்" என்று எவரோ பயமுறுத்திவிட்டார்களாம். அந்த மகானுபாவர் இங்கே இருந்தால் கொஞ்சம் எழுந்து நிற்கட்டும்! (சிரிப்பு) பரதர் மான்குட்டியை வெள்ளத்திலிருந்து எடுத்துக் காத்தது குற்றமன்று; ஜபத்தையும் பூஜையையும் விட்டு, தம் அந்திமகாலத்திலும் ஈசுவரனை மறந்து அதையே பற்றிக்கொண்டிருந்ததுதான் குற்றம்.

தருமபுத்திரரைப் பாருங்கள். மகாபாரதத்தில் மகாப்ரஸ்தானிக பர்வம். திரௌபதி விழுந்தாள், சகதேவன் விழுந்தான், நகுலன், அர்ச்சுனன், பீமன், ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். திரும்பிப் பாராமல் நடந்தார். ஆனால் இந்திரன் ரதத்தோடு வந்து, "கூட வந்த இந்த நாயை விட்டுவிட்டு ஏறு" என்றபோது, அந்த ஸ்வர்க்கமே வேண்டாம் என்று நின்றுவிட்டார்! தம்பிகளுக்கு நிற்காதவர் நாய்க்கு நிற்பதாவது என்று இந்திரனே கேட்டான். அவர் சொன்ன சமாதானத்தின் சாரம் இதுதான்: மாண்டவர்களை என்னால் எழுப்ப முடியாது, ஆகையால் விட்டேன், அவர்கள் உயிரோடிருந்தபோது விடவில்லை, இது உயிரோடு என்னை அண்டி வந்தது, இதை விடமாட்டேன். ஆகா! உயிருள்ளவரை கைவிடாதே, போனபின் கட்டிப்பிடிக்காதே. இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்வேன், மைக் என் கையில் அல்லவா இருக்கிறது! (சிரிப்பு)

திருவண்ணாமலையில் பகவான் ரமணரின் சந்நிதியில் ஜாக்கி என்றொரு நாய் இருந்தது. மற்ற நாய்களோடு சேராமல், பகவானையே நோக்கியபடி அமர்ந்திருக்குமாம். அது வியாதியில் விழுந்தபோது, மெத்தென்ற படுக்கை இட்டு, நோய் முற்றி நாற்றமெடுத்த நிலையிலும் அருவருப்பின்றிக் கையில் எடுத்துத் தடவிக்கொடுத்தார், தேகம் நானல்ல என்று உபதேசித்த அந்த ஞானி! 1948-இல் முக்தியடைந்த பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காக்கை ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கியின் சமாதியும் ஆசிரமத்தில் இருக்கிறது. கிரிவலம் போகிறவர்கள் எத்தனைபேர் பார்த்தீர்கள்? இட்டிலிக் கடை மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது.

ஆகவே, கண்ணில் புரை விழுந்து, பின்னங்கால் எழும்பாமல் கிடக்கும் கிழட்டு நாயைக் கிருஷ்ணா கால்வாய்க் கரையில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்களே, அது அடுக்குமா? கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். படுக்கைப்புண் வராதபடி அடிக்கடி புரட்டிப் படுக்க வையுங்கள். ஈரத்துணியால் வாயை நனையுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உயிருள்ளவரை கைவிடாதே என்பதற்கு இதுதான் பாஷ்யம்.

அம்மா, நீங்கள் அதைச் செய்தவர். நன்றாக அழுங்கள், பாபமில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமோ என்று மட்டும் மனத்தைக் குடைந்துகொள்ளாதீர்கள். அது போனதைக் கட்டிப்பிடிப்பது. உங்கள் நாய் தின்ற தட்டைக் கழுவிப் பரணில் வைக்காமல், தெருமுனையில் பசியோடு நிற்கிறதே இன்னொரு ஜீவன், அதற்குச் சோறு வையுங்கள். இன்றிரவே வையுங்கள், நாளைக்கு என்றால் நான் நம்பமாட்டேன்.

நமப் பார்வதீ பதயே! எங்கே, உரக்கச் சொல்லுங்கள்: ஹர ஹர மகாதேவா!