"நான்" இருந்த இடத்தில் "அடியேன்"



ஒரு சொல் தன் தொழிலை விட்டு மற்றொன்றின் இடத்தில் நிற்பது தமிழில் இயல்பு. "வந்தான்" வினைமுற்று; "வந்தானைக் கண்டேன்" என்னும்போது அதுவே வேற்றுமை உருபேற்று வினையாலணையும் பெயராகிறது. நாம் நாள்தோறும் விண்ணப்பிக்கும் "அடியேன்" என்ற சொல்லையும் இவ்வாறு நோக்கலாம்.

"அடி" பெயர்ச்சொல். தன்மை ஒருமை விகுதி சேர்ந்தபின் அது "நான் அடியேன்" என்று பயனிலையாக நிற்கும். அங்கே எழுவாய் "நான்". அடிமை அந்த நானைப் பற்றிய ஒரு செய்தி மட்டுமே. நம் பெரியோர் வழக்கிலோ அப்பயனிலையே எழுவாயாகிவிட்டது. "அடியேன் விண்ணப்பிக்கிறேன்" என்றால் "நான்" நிற்க அங்கே இடமே இல்லை.

இது வெறும் பணிவு மொழியா? பூர்வாசார்யர்கள் அவ்வளவில் நிற்கவில்லை. ஆத்மாவுக்கு ஸ்வரூபம் அறிவுடைமையா, அடிமையா என்ற கேள்விக்கு விடை பெற, உடையவர் கூரத்தாழ்வானைத் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார் என்பது ஐதிஹ்யம். ஆழ்வான் ஆறு மாதம் அவரை ஸேவித்திருந்தார். நம்பி காட்டியருளியது இந்த ஒரு சொல்லைத்தான். திருவாய்மொழி 8.8.2இல் எம்பெருமான் உடலினுள்ளும் இருப்பதை ஆழ்வார் பாடுகிறார். உடலோடு சேர்த்து "உயிர்" என்றோ "ஆன்மா" என்றோ சொல்லவேண்டிய இடம். ஆங்கே ஆழ்வார் இட்ட சொல் "அடியேன்".

"வெள்ளையை ஓட்டு" என்றால் உழவன் வெள்ளைக் காளையை ஓட்டுகிறான். பண்பு பொருளுக்கு ஆகிவருவது, அப்பொருளை அப்பண்பாலேயே அடையாளம் காணும்போதுதான். அடிமை என்ற சொல்லே ஆத்மாவுக்குப் பெயராக வந்ததென்றால், அதுவே அதன் அந்தரங்கமான அடையாளம். அறிவு அதற்கு அடுத்ததே. அகங்காரம் நீங்கினால் ஆத்மாவுக்கு எஞ்சும் அழியாத பெயர் அடியான் என்பதே ஸ்ரீவசநபூஷணத்தின் கருத்தும்.

ஆயினும், பதிலியாக நெடுநாள் நிற்கும் சொல்லுக்குத் தன் பொருள் மங்கும் ஆபத்து உண்டு. "அடியேன்" என்று தொடங்கும் மின்னஞ்சல் அடுத்த வரியிலேயே "என் கருத்தே சரி" என்று வாதாடுவதைக் காண்கிறோம். அங்கே அது வெறும் தன்மைப் பெயர்! அயல்நாடுகளில் வளரும் நம் குழந்தைகளுக்கும் இது "நான்" என்பதன் பழைய வடிவமாகவே தோன்றக்கூடும். அவர்களுக்கு "நான் அடியேன்" என்ற முழு வாக்கியத்தை முதலில் கற்பித்து, பொருள் மனத்தில் பதிந்தபின் "நான்" என்பதை எடுத்துக் காட்டலாம்.